காய்ந்த பூ வளையம்: கோளாறு எங்கே தொடங்குகிறது?

தோட்டத்திலோ மொட்டை மாடித் தொட்டியிலோ பூத்ததைப் பறித்துக் காயவைத்து, வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் மாட்டிய சில வாரங்களில் ஏதாவது ஒன்று கிளம்பிவிடும். பூ கறுக்கும், உதிரும், பூஞ்சணம் பிடிக்கும், கொத்து கழன்று தொங்கும். உடனே கட்டிய கையைத்தான் குறை சொல்லத் தோன்றும். பெரும்பாலான கோளாறுகள் அதற்கு முன்பே, பறித்த நேரத்திலோ காயவைத்த இடத்திலோ தொடங்கியிருக்கும். அதனால் என்ன தெரிகிறதோ அதிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் சாதாரணமாக வளரும் பூக்களை வைத்து: வாடாமல்லி, கோழிக்கொண்டை, துலுக்க சாமந்தி, ரோஜா, மரிக்கொழுந்து, துளசிக் கதிர். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குக் காகிதம் போன்ற இதழுள்ள ஸ்ட்ராஃப்ளவர், ஸ்டாட்டிஸ், ஹைட்ரேஞ்சா என்று கூடுதல் அதிர்ஷ்டம். மல்லிகை, முல்லை, சம்பங்கியை இந்த வேலைக்கு இழுக்க வேண்டாம். எப்படிக் காயவைத்தாலும் பழுப்பேறிச் சுருண்டுவிடும்.

நிறம் போய்விட்டது

எந்தப் பூ, எப்படிப் போனது என்று முதலில் பாருங்கள். கறுத்ததா, பழுப்பேறியதா, வெளுத்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு.

கறுத்தது சிவப்பு ரோஜா என்றால் அதைக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். இதழில் இருந்த நீர் போனதும் நிறமி செறிந்து, அடர்சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். காற்றில் காயவைக்கும் வரை இதைத் தடுக்க வழியில்லை. வெளிர் ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள் கலந்த ரகங்களை எடுங்கள். காய்ந்த பின்பும் ரோஜா என்று சொல்லும்படி இருக்கும். பாதி விரிந்த மொட்டாகப் பறிப்பது முக்கியம். முழுக்க மலர்ந்ததைக் காயவைத்தால் இதழ்தான் மிஞ்சும், பூ மிஞ்சாது.

சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கின்றன. காற்றுப் புகாத டப்பாவில் மணிகளைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களின் இடுக்கெல்லாம் நிறையும்படி மேலே மெதுவாகத் தூவி மூடிவிட்டால் ரோஜா ஐந்து முதல் ஏழு நாளில் காயும். சீக்கிரம் காய்வதால் நிறம் அவ்வளவாக மாறாது. அதிக நாள் விட்டால் இதழ் அப்பளமாக நொறுங்கும். ஈரத்தை இழுத்து நிறம் மாறிய மணிகளை ஏறத்தாழ 120 டிகிரி சூட்டில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும். அதற்குச் சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள்; ஆரஞ்சு நிற மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெள்ளைப் பூ பழுப்பேறினால் அதுவும் இயல்புதான். கடையில் பார்க்கும் பால்வெள்ளை உலர்பூக்கள் ரசாயனத்தில் வெளுக்கப்பட்டவை. தூத்துக்குடியில் இருந்து வெளிநாட்டுக்குப் போகும் உலர்பூச் சரக்கில்கூட வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும் வழக்கமான வேலை. வீட்டில் அந்த வெள்ளை வராது. வெள்ளை வாடாமல்லி மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் கொஞ்சம் தந்த நிறமாகத்தான்.

வெளுத்துப்போனது வாடாமல்லியோ கோழிக்கொண்டையோ என்றால் குற்றவாளி வெயில். இந்த இரண்டிலும் இருப்பது பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமி, பீட்டாலைன். நிழலில் அருமையாக நிற்கும், வெயிலில் ஓடிவிடும். வற்றலும் வடகமும் காயப்போட்டுப் பழகிய நமக்கு மொட்டை மாடி வெயிலைப் பார்த்ததும் பூவையும் பரப்பத் தோன்றும். சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் கத்தரிப்பூ நிறத்தில் போட்டது வைக்கோல் நிறத்தில் திரும்பி வரும். இருட்டும் காற்றும் சேர்ந்து இருக்கும் இடம் வேண்டும்: பரண், படிக்கட்டின் அடி, ஜன்னல் திரை போட்ட அறை. காம்பு மேலே, தலை கீழே என்று கொடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

காயும்போது நன்றாக இருந்து, மாட்டிய பிறகு வெளுத்தால் மாட்டிய இடம் தவறு. மேற்கு பார்த்த கதவு எந்தப் பூவையும் விட்டுவைக்காது. போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம் என்பார்கள், அடித்தால் பிளாஸ்டிக் பூ வாங்கியிருக்கலாமே என்றுதான் இருக்கும். வெயில் பட்ட பக்கத்துக் கொத்துகளை மட்டும் மாற்றிவிட்டு, வளையத்தை உள்சுவருக்குக் கொண்டுபோங்கள்.

பூஞ்சணம், மக்கல் வாடை

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பூவின் அடியில், காம்பு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தெரியும். சில சமயம் கண்ணுக்கு எதுவும் தெரியாது, மூக்குக்குத் தெரியும்.

மேலுக்குக் காய்ந்து உள்ளே காயாத பூவைக் கட்டியதுதான் முக்கியக் காரணம். துலுக்க சாமந்தி இதில் பெரிய ஏமாற்றுக்காரன். இதழெல்லாம் மொறுமொறுப்பாக இருக்கும், அடியில் இருக்கும் பச்சைக் குப்பி மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பூவை எடுத்து அந்தக் குப்பியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும். கோழிக்கொண்டையில் மூளை போல மடிந்த ரகத்துக்கும் இதே கதை; மடிப்புக்குள் ஈரம் உட்கார்ந்திருக்கும். தலை பெரிதாக இருந்தால் காம்போடு நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கிழித்துக் காயவைப்பது நல்லது. மற்ற பூக்களுக்குக் காம்பே சொல்லிவிடும். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் காயவில்லை.

இரண்டாவது காரணம் காற்று. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் நன்றாகக் காய்ந்த பூவும் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். இதை அளக்கக் கருவி தேவையில்லை, அடுப்படியில் கல் உப்பு ஜாடி போதும். சுத்தமான உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் நீர்க்கத் தொடங்கும். கல் உப்பு அதற்கும் முன்பே கசியும். ஜாடியில் உப்பு நீர்விட்டிருக்கும் நாளில் பூ பறிக்கவும் வேண்டாம், காய்ந்ததை டப்பாவில் அடைக்கவும் வேண்டாம். ஸ்ட்ராஃப்ளவர் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. காற்று ஈரமானால் அதன் இதழ்கள் குவிந்துகொள்ளும், உலர்ந்தால் விரியும். செத்துக் காய்ந்த பிறகும் இப்படித்தான்.

ஆகவே கிறிஸ்துமஸுக்கு வளையம் கட்ட நினைப்பவர்கள் நவம்பரில் பூ காயவைக்கக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வைத்துவிட வேண்டும். டிசம்பரில் கட்டுவது மட்டும்தான் மிச்சம். மழை நாளில் காயவைத்தே ஆகவேண்டும் என்றால் கொத்தைச் சிறிதாக்குங்கள், எட்டு பத்துக் காம்புக்கு மேல் வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் தொங்கவிடுங்கள். அடுப்படிப் பக்கமும் குளியலறைப் பக்கமும் கூடாது.

பூஞ்சணம் பிடித்த பிறகு? துடைத்து வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பிடித்த கொத்தையும் அதன் இரு பக்கத்துக் கொத்தையும் வெட்டி எறிந்துவிடுவேன். அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். வித்துத் தூள் பறந்து மூக்கில் ஏறும், ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். வாசலுக்கு வெளியே, முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

இதழ் உதிர்ந்துகொண்டே இருக்கிறது

கதவைச் சாத்தும் ஒவ்வொரு தடவையும் தரையில் ஒரு கைப்பிடி கிடந்தால், உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வாடாமல்லியின் செதில்களோடு வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் பூவை முற்றவிட்டுப் பறித்திருக்கிறீர்கள். அந்தப் பஞ்சுக்குள் இருப்பது விதை. வாடாமல்லி செடியிலேயே வாரக்கணக்கில் அப்படியே நிற்பதால் இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று விட்டுவிடுவோம். அது உருண்டையாக இருந்தது நீண்டு முட்டை வடிவமாகும். அடிப்பக்கச் செதில்கள் நிறம் மங்கித் தளரும். அந்தக் கட்டத்தில் பறித்தால் எந்தப் பசையும் நிறுத்தாது. உருண்டையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும்போதே, காலையில் பனி காய்ந்த பின் பறிக்க வேண்டும். முற்றியதை அப்படியே விதைக்கு விட்டுவிடுங்கள், அடுத்த பருவத்துக்கு ஆகும்.

ஸ்ட்ராஃப்ளவர் இன்னும் கறார். வெளிவரிசை இதழ்கள் இரண்டு மூன்று விரிந்து, நடுமொட்டு மூடியிருக்கும்போதே பறித்தாக வேண்டும். பறித்த பிறகும் அது விரிந்துகொண்டே போகும். முழுக்க விரிந்ததைப் பறித்தால் காய்ந்து முடிவதற்குள் நடுவில் பஞ்சு கிளம்பி, இதழ் பின்னால் மடிந்துவிடும்.

துலுக்க சாமந்தி உதிர்ந்தால் முழுப்பூவாக உதிரும். குப்பி சுருங்கி இதழ்ப் பிடி விட்டுப்போகும். காய்ந்ததும் பூவின் அடியில், குப்பிக்குள் இறங்கும்படி ஒரு சொட்டு வெள்ளைப் பசை விட்டுவிட்டால் நிற்கும். நாணல் பூ, கோரைக் கதிர் போன்றவை பஞ்சு பறத்துவதை ஹேர் ஸ்ப்ரே கொஞ்சம் அடக்கும். ஓர் எச்சரிக்கை: காய்ந்த பூ சும்மாவே நன்றாக எரியும், ஸ்ப்ரேவும் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. கார்த்திகை விளக்கு வைக்கும் வாசலில், மாடத்துப் பக்கத்தில் இந்த வளையம் தொங்கக் கூடாது. அந்த நாட்களில் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

தலை தொங்குகிறது, காம்பு ஒடிகிறது

தலை தொங்கினால் படுக்கவைத்தோ நிமிர்த்தி ஜாடியில் வைத்தோ காயவைத்திருப்பீர்கள். காய்ந்தபின் நிமிர்த்த முடியாது. காம்பை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் பசையால் ஒட்டுவதுதான் வழி.

ஸ்ட்ராஃப்ளவரின் காம்பு காய்ந்தால் பூவைத் தாங்காது. அதனால் பச்சையாக இருக்கும்போதே காம்பை ஓர் அங்குலம் விட்டு வெட்டி, மெல்லிய கம்பியை அடியிலிருந்து பூவுக்குள் செருகிவிட வேண்டும். மேலே எட்டிப் பார்க்கக் கூடாது, பாதி வழியில் நிற்கட்டும். பூ காயக் காய கம்பியைத் தானே கவ்விக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பி தடிமன், பூவைக் கிழித்துவிடும். பூச்செண்டு கட்டுபவர்களிடம் கேட்டால் மெல்லிய ரகம் கிடைக்கும்.

கட்டும்போது எல்லாம் நொறுங்குகிறது என்றால் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. கோயம்புத்தூர், மதுரை வெயில் காலத்தில் இது சகஜம். கட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தண்ணீரைப் புகைபோல லேசாகத் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள். கட்டி முடித்த வளையத்தை ஒருநாள் விசிறிக்கடியில் வைத்த பிறகே மாட்ட வேண்டும். மரிக்கொழுந்துக்கும் துளசிக்கும் இதுகூட உதவாது. அவற்றைப் பச்சையாகவே கட்டி, வளையத்திலேயே காயவிடுவதுதான் புத்திசாலித்தனம். காய்ந்தபின் தொட்டால் உதிர்ந்துவிடும், வாசனை மட்டும் கையில் நிற்கும்.

கொத்து தளர்ந்து ஆடுகிறது

பச்சைக் காம்பு காயும்போது மெலியும். அதைச் சுற்றிப் போட்ட நூல் மெலியாது. அவ்வளவுதான் விஷயம். காயவைக்கக் கட்டும்போது ரப்பர் பேண்ட் போட்டால் காம்பு மெலிய மெலிய அதுவும் இறுகிக்கொண்டே வரும். வளையத்தில் கட்டும்போது நன்றாகக் காய்ந்ததையே கட்டுங்கள். பச்சையாகக் கட்டுவது என்றால், காய்ந்த பின் இன்னொரு சுற்று நூலுக்கும் இடையில் செருகக் கொஞ்சம் பூவுக்கும் தயாராக இருங்கள்.

மாலை கட்டும் பழக்கத்தில் வாழை நாரை எடுப்பவர்கள் உண்டு. மாலை ஒரு நாளுக்கு. அதற்கு நார் போதும். நனைத்துக் கட்டிய நார் காய்ந்ததும் மெலிந்து தளர்கிறது, வளையம் மாதக்கணக்கில் தொங்க வேண்டியது. சணல் கயிறோ தடித்த பருத்தி நூலோ போதும். ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனி முடிச்சு போடாமல், நூலை வெட்டாமல் ஒரே ஓட்டமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கொத்தும் முந்தையதின் காம்பை மறைத்து உட்கார வேண்டும், எல்லாம் ஒரே திசை பார்க்க வேண்டும்.

பாதி வளையத்தில் பூ தீர்ந்துவிட்டது

கூடை நிறையப் பறித்தது காய்ந்ததும் ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும் என்பதை யாரும் முதலில் நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலக் குறுக்களவு வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 38 அங்குலம். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கொத்து என்றால் 25 கொத்து. ஒரு கொத்தில் ஐந்து வாடாமல்லி என்றால் 125 பூ. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மறைய வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம். உதிரும், ஒடியும் என்று கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தீர்ந்தே விட்டது என்றால் மீதி இடத்தை வலிந்து நிரப்பாதீர்கள். பூ இருக்கும் பகுதியைப் பிறை மாதிரி ஒரு பக்கம் நிறுத்தி, மீதி வளையம் வெறுமனே தெரியட்டும். அடிவளையம் பார்க்க நன்றாக இருந்தால் இதுவே அழகு.

வளையம் கோணிக்கொண்டது

பச்சைக் கொடியை வளைத்துச் செய்த அடிவளையம் காயும்போது தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். வளைத்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, காயும் வரை விட்டுவையுங்கள். தென்னை ஈர்க்கு என்றால் பச்சை ஈர்க்கு. காய்ந்தது ஒடியும், ஓர் இரவு ஊறவைத்தால் ஓரளவு வளையும். ஒரே இடத்தில் எல்லா நுனியும் முடிந்தால் அங்கே மடங்கும், அதனால் நுனிகளைச் சுற்றிலும் கலைத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால் பானை வைக்கும் வைக்கோல் புரிமணைதான் முதல்தரம். கோணாது, கொத்தைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும், எடையும் இல்லை. மண்பானைக் கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கியதும் ஒருநாள் நல்ல வெயில் காட்ட வேண்டும், ஏன் என்று அடுத்ததில் வருகிறது.

மாட்டியதும் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டால் கனமான பூ எல்லாம் ஒரே பக்கம் இருக்கிறது. தாமரைக் காய், கோழிக்கொண்டை போன்ற கனங்கள் அடியில் வரட்டும். மாட்டும் கயிற்றைக் கடைசியில் கட்டாமல் முதலிலேயே கட்டி, உச்சி எது என்று முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடியில் மாவு கொட்டுகிறது

தரையில் நைசான தூள், பூவிலும் வைக்கோலிலும் ஊசி குத்தியது போல ஓட்டை. இது வண்டு. மல்லி, மஞ்சள், மிளகாய் டப்பாவில் வருமே, அதே பழுப்பு வண்டுதான். காய்ந்த பூவும் அதற்கு இரை. கம்பங்கதிர், தினைக்கதிர் வைத்த வளையத்துக்கு நிச்சயம் வரும். பால்கனியில் மாட்டினால் வண்டுக்கு முன்பே அணில் வந்து கதிரைக் காலி செய்திருக்கும், அது வேறு விஷயம்.

மருந்து அடிக்க வேண்டாம். வளையத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள். பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது, வளையமும் உள்ளே போகாது. தெரிந்தவர்கள் வீட்டு டீப் ஃப்ரீஸரைக் கேட்க வேண்டியதுதான். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் பூமேல் தண்ணீர் கோத்துக்கொள்ளாது. கதிர், வைக்கோல் போன்ற நிறம் போனால் கவலையில்லாதவற்றைக் கட்டுவதற்கு முன்பே கடும் வெயிலில் காயவைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். நடவடிக்கை எடுக்கும் வரை அந்த வளையம் மளிகை அலமாரிப் பக்கம் போகவே கூடாது.

இலை பிசுபிசுக்கிறது

கிளிசரினில் பதப்படுத்திய யூகலிப்டஸ் இலையில் இது வரும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் என்பது வழக்கமான அளவு. கலவையில் காம்பை ஊன்றி வைத்தால் இலை அதைக் குடித்து, காய்ந்தாலும் ஒடியாமல் துவளத் துவள இருக்கும். ஆனால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் சரக்கு. மழைக்காலச் சென்னையில் இலை வியர்க்கத் தொடங்கி, பக்கத்துப் பூவையும் நனைக்கும். நிறம் மாறியதும் கலவையிலிருந்து எடுத்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று விட வேண்டாம். கடலோரத்தில் இந்த முறையே தேவையில்லை என்பது என் கட்சி. சும்மா தொங்கவிட்டுக் காய்ந்த இலை போதும்.

ஒட்டியது விட்டுவிட்டது

க்ளூ கன் பசை சூட்டில் இளகும். சித்திரை வெயில் அடிக்கும் இரும்புக் கேட்டில் மாட்டினால் பூ ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கும். கனமானதைக் கம்பியால் கட்டுங்கள், பசையைச் சின்னப் பூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்

இதையும் கோளாறில்தான் சேர்க்க வேண்டும். வட்டமாக, வெளிர் நிறத்தில், நடுவில் வெற்றிடத்தோடு எதைக் கட்டினாலும் நம் வீடுகளில் இறுதி மரியாதைதான் நினைவுக்கு வரும். வாசல் கதவில் இதையா மாட்டுவாய் என்று பாட்டி கேட்டால் வாதம் செய்து பயனில்லை. வெள்ளையையும் கரும்பச்சையையும் குறைத்து, ஆரஞ்சும் கத்தரிப்பூ நிறமும் கதிருமாகக் கட்டுங்கள். பிறை வடிவில் கட்டினால் இன்னும் நல்லது. முழு வட்டமே வேண்டும் என்றால் வாசலை விட்டுக் கூடத்துச் சுவருக்கு மாற்றுங்கள். வெயிலும் சாரலும் படாத அந்த இடம் பூவுக்கும் நல்லதுதான்.

தூசி படிந்தால் துடைக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஓர் அடி தள்ளிப் பிடித்து ஊதுங்கள்; மடிப்புகளுக்குள் இருப்பதற்குப் புது பெயின்ட் பிரஷ். ஒரு வருடம் தாண்டி நிறமும் போய், ஊதினாலும் தூசி போகவில்லை என்றால் நூலை வெட்டி, ஸ்ப்ரே படாத பூக்களை உரக்குழியில் போட்டுவிட்டு, புரிமணையைத் தட்டி வெயிலில் வைத்து எடுத்து வையுங்கள். அடுத்த வளையத்துக்கு அதுவே ஆகும்.